லூஜ் என்றால் என்னவென்று தெரியாத ஊரில்

படம் அறுந்துவிட்டது.

கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் படத்தொகுப்பாளர் நபீல் இரண்டு கைகளையும் தலைக்கு மேல் தூக்கிக் காட்டினார். என் முன்னால் இருந்த சின்னத் திரையில், பனிப் பாதையில் மல்லாந்து படுத்தபடி பாய்ந்து வந்துகொண்டிருந்த ஒரு மனிதன் பாதி வளைவில் காணாமல் போனான். அவன் இருந்த இடத்தில் எங்கள் தொலைக்காட்சி நிலையத்தின் பாய்மரப் படகுப் படம் வந்து நின்றது. தலைக்கு மேலிருந்த சிவப்பு விளக்கு மட்டும் அணையவில்லை. அது எரிகிறவரை என் குரல் துபாய் முழுக்கப் போய்க்கொண்டிருக்கிறது என்று அர்த்தம்.

கையிலிருந்த தாள்களில் எழுதியதெல்லாம் அந்தப் படத்துக்காக எழுதியது. படமே இல்லாமல் "இதோ, இந்த வளைவைப் பாருங்கள்" என்று எப்படிப் படிப்பது? தாள்களைக் கவிழ்த்து வைத்தேன். சத்தம் வரும் என்று அந்த அறையில் மின்விசிறி கிடையாது. மைக்கைச் சுற்றியிருந்த பஞ்சு உறையில் யாரோ பல மாதங்களாகக் குடித்த சிகரெட்டின் வாசனை.

அந்த நாற்காலிக்கு நான் எப்படி வந்து சேர்ந்தேன் என்பதைச் சொல்லிவிடுகிறேன். அதற்குள் நபீல் படத்தை ஒட்டிவிடுவார்.

டைப்பிஸ்ட் டைப் அடிப்பார்

எழுபதுகளின் நடுப்பகுதி. என் கணவர் சேகர் சர்வேயர். ஜெபல் அலிப் பக்கம் துறைமுகம் வரப்போகிறது என்று பேச்சு. அப்போது அங்கே இருந்ததெல்லாம் மணலும், அதில் அவர் அடித்துவைத்த மர முளைகளும்தான். வாரத்தில் பாதி நாள் சைட், மீதி நாள் வீடு. பர் துபாயில் ஒரு துணிக்கடைக்கு மேலே எங்கள் வீடு. சன்னலைத் திறந்தால் படகுத் துறையிலிருந்து டீசல் புகை வரும். மூடினால் கீழே கடையில் பிரிக்கிற புதுத் துணியின் கஞ்சி வாசனை வரும்.

திருச்சியில் பி.எஸ்சி. பௌதிகம் படித்துவிட்டு, டைப்ரைட்டிங்கில் ஹையரும் பாஸ் செய்தவள் நான். பௌதிகத்தை யாரும் கேட்கவில்லை. டைப்ரைட்டிங்தான் எனக்கு அந்தத் தொலைக்காட்சி நிலையத்தில் வேலை வாங்கித் தந்தது.

ஆங்கில நிகழ்ச்சிகளுக்குப் பொறுப்பாக ஹார்ட்லி என்ற ஆங்கிலேயர் இருந்தார். வியாழக்கிழமை இரவு எட்டு மணிக்கு அரை மணி நேர விளையாட்டு நிகழ்ச்சி. ஐரோப்பாவிலிருந்து விமானத்தில் படச்சுருள்கள் தகர டப்பாக்களில் வரும். கூடவே வர்ணனைத் தாள் வரும். அதை ஹார்ட்லி திருத்துவார், நான் டைப் அடிப்பேன், அவரே படிப்பார்.

அவர் திருத்தியதையும் நான் திருத்திக்கொண்டிருந்தேன் என்பது அவருக்குக் கொஞ்ச நாள் கழித்துத்தான் தெரிந்தது. கோபப்படவில்லை. "நன்றாக இருக்கிறது" என்றார். எழுதும் வேலையையே எனக்குத் தரலாமே என்று கேட்டபோது மட்டும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "டைப்பிஸ்ட் டைப் அடிப்பார், வசந்தா. அப்படித்தான் இங்கே ஏற்பாடு."

தட்டச்சு இயந்திரத்துக்குத் திரும்பினேன். ஆனால் விஷயம் அத்தோடு முடிந்ததாக நினைக்கவில்லை.

லூஜா, லூசா

அந்த வருடம் ஆஸ்திரியாவில் குளிர்கால ஒலிம்பிக் நடந்தது. துபாயில் அதே வாரம் மழை. வடிகால் இல்லாத ஊர் அப்போது. தெருவெல்லாம் சேறு, எங்கள் வீட்டு மாடிப்படியில் செருப்புத் தடம். நிலையத்துக்கு வந்த டப்பாக்களின் அட்டைப் பெட்டிகூட நனைந்து ஊறியிருந்தது.

ஒரு டப்பாவில் ஆங்கிலத் தாள் இல்லை. மூடியில் ஒரே ஒரு சொல்: லூஜ். உள்ளே ஜெர்மன் மொழியில் இரண்டு தாள்கள், பத்து நிமிடப் படம்.

"விட்டுவிடலாம்" என்றார் ஹார்ட்லி. "போன மாதக் குதிரைப் பந்தயம் இருக்கிறது. அதைப் போடுவோம்."

"எனக்குக் கொடுங்கள். நான் எழுதுகிறேன்" என்றேன்.

"லூஜ் என்றால் என்னவென்று தெரியுமா உங்களுக்கு?"

"தெரியாது. இன்றைக்குச் செவ்வாய்தானே. வியாழனுக்குள் தெரிந்துகொள்வேன்."

அவர் சிரித்தார். சரி என்று சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. அன்று மாலை அந்த இரண்டு தாள்களையும் கைப்பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

சேகர் காலில் சேற்றோடு வந்து நின்றார். விஷயத்தைச் சொன்னேன்.

"என்னது, லூசா?"

"லூஜ். சறுக்கு வண்டிப் பந்தயம். மல்லாந்து படுத்துக்கிட்டு, கால் முன்னாடி நீட்டி, பனியில சறுக்கிட்டு வராங்க. பிரேக்கே கிடையாதாம். நபீல் படத்தை ஓட்டிக் காட்டினார்."

"அப்போ நான் சொன்னதுதான் சரி" என்றார் சேகர். பிறகு தலையைத் துவட்டிக்கொண்டே, "ஜெர்மன்தானே வேணும்? எங்க கேம்ப்ல செல்வராஜ்னு ஒரு ஏ.சி. மெக்கானிக் இருக்கான். ஈரோட்டுப் பக்கம். ஜெர்மனியில ரெண்டு வருஷம் ட்ரெயினிங் போயிருந்தேன்னு சொல்லுவான். பசங்க யாரும் நம்புறதில்ல. ஐஸ் மலையில வேலை பார்த்தேன்னு வேற சொல்றானாம்."

"நாளைக்கு என்னை அங்க கூட்டிட்டுப் போங்க."

"பேச்சிலர் கேம்ப் வசந்தா அது."

"பரவாயில்ல. நீங்க கூட இருக்கீங்க இல்ல?"

ஐஸ் உருகாமல் பார்த்துக்கொண்டவர்

புதன்கிழமை மத்தியானம் லேண்ட் ரோவரில் போனோம். பாதி வழிக்கு மேல் ரோடு கிடையாது, டயர் தடம்தான். கேம்ப் என்பது வரிசையாகப் போட்ட பலகை அறைகள். மழையில் நனைந்த கம்பளிகளைக் கயிற்றில் காயப்போட்டிருந்தார்கள். ஒரு பெண் வண்டியிலிருந்து இறங்குவதைப் பார்த்ததும், லுங்கியோடு நின்றவர்கள் அவசரமாக உள்ளே போய்ச் சட்டை மாட்டிக்கொண்டு வந்தார்கள்.

செல்வராஜுக்கு முப்பது வயது தாண்டியிருக்கும். ஒல்லி. விரல் நகங்களில் கிரீஸ். தாள்களை வாங்கி, வெளிச்சத்துக்குத் திருப்பிப் பிடித்து, உதடு அசையப் படித்தார். முகம் மாறியது.

"இது எங்கீங்க மேடம் கெடச்சுது உங்களுக்கு?"

"படத்தோட வந்தது. உங்களுக்குப் புரியுதா?"

"புரியுதுங்க. ஃபேக்டரி ஜெர்மன்தான் நமக்குத் தெரியும். ஆனா இது நான் வேலை பார்த்த எடத்துப் பேச்சுங்க."

அறுபதுகளின் கடைசியில் தெற்கு ஜெர்மனியில் ஒரு மலையடிவார ஊருக்கு, குளிரூட்டும் இயந்திரப் பயிற்சிக்காக அனுப்பப்பட்டிருக்கிறார். லூஜ் பந்தயத்துக்கென்றே அங்கே புதிதாக ஒரு பாதை கட்டியிருந்தார்கள். அதற்கு முன்பெல்லாம் வெயில் அடித்தால் பனி இளகும், போட்டி தள்ளிப்போகும். இந்தப் பாதையில் அப்படியில்லை. கான்கிரீட்டுக்குள் குழாய்கள். குழாய்களில் அம்மோனியா. மேலே தண்ணீரைத் தெளித்தால் கல் போல உறையும்.

"நம்ம ஐஸ் ஃபேக்டரிதானுங்க அது. கட்டி கட்டியா வெட்டாம, மலை மேல இருந்து கீழ வரைக்கும் ஒரே கட்டியா நீட்டி வெச்ச மாதிரி. குழாய் எங்கயும் ஒழுகாம பார்த்துக்கறதுதானுங்க என்ற வேலை."

யாரோ டின் பால் ஊற்றிய டீ கொண்டுவந்து வைத்தார்கள். வாசலில் ஏழெட்டுப் பேர் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். ஒருவர் மட்டும் மெதுவாக, "அண்ணன் ஆரம்பிச்சுட்டாரு" என்றார். செல்வராஜ் திரும்பிப் பார்க்கவில்லை.

முதல் தாளில் முடிவுகள், வீரர்களின் சட்டை எண்களோடு. இரண்டாவது தாளில் லூஜ் பந்தயத்தின் சரித்திரம். அவர் ஒவ்வொரு வரியாகச் சொல்ல, நான் எழுதிக்கொண்டேன்.

தபால்காரரும் மாணவரும்

பத்தொன்பதாம் நூற்றாண்டில் சுவிட்சர்லாந்தின் மலை ஊர்களுக்கு உடம்பு தேற வருகிற வெளிநாட்டுக்காரர்களுக்குப் பொழுது போகவில்லை. உள்ளூர்க்காரர்கள் சாமான் இழுக்கிற சறுக்கு வண்டியில் ஏறி, தெருவில் சறுக்கிப் பார்த்தார்கள். அது பந்தயமாயிற்று. பல நாட்டுக்காரர்கள் சேர்ந்து ஓட்டிய முதல் பெரிய பந்தயம் ஓர் ஊரிலிருந்து அடுத்த ஊருக்குப் போகும் மலை ரோட்டில் நடந்தது. முதலில் வந்தவர்கள் இரண்டு பேர். ஒருவர் அந்தப் பக்கத்துத் தபால்காரர். மற்றவர் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த மாணவர். இருவருக்கும் ஒரே நேரம். வெற்றியைப் பங்கு போட்டுக்கொண்டார்கள்.

பிறகு ஐரோப்பியப் போட்டிகள், ஐம்பதுகளில் உலகப் போட்டிகள், அறுபதுகளில் ஒலிம்பிக். முதல் ஒலிம்பிக் லூஜ் தொடங்குவதற்கு முன்பே, பயிற்சியில் ஒரு வீரர் இறந்துபோனார். அடுத்ததில், வண்டியின் அடியிலிருக்கும் இரும்புச் சட்டங்களைச் சூடேற்றியதாகச் சொல்லிக் கிழக்கு ஜெர்மனிப் பெண்களை விலக்கினார்கள். அவர்கள் அதை ஒத்துக்கொள்ளவே இல்லை.

"சூடு பண்ணினா என்னாகும்?" என்று சேகர் கேட்டார்.

"ஐஸ் லேசா உருகுமுங்க சார். தண்ணி மேல வழுக்கிட்டுப் போயிரலாம்."

இந்த இடத்தில் என் பௌதிகம் பல வருடத் தூக்கத்திலிருந்து எழுந்து உட்கார்ந்தது. உராய்வு, எடை, சரிவு எல்லாம் எனக்குப் பழக்கப்பட்ட சொற்கள். திருச்சியில் கரும்பலகையில் பார்த்த சாய்தளக் கணக்கில்தான் இந்த மனிதர்கள் படுத்துக்கொண்டு போகிறார்கள்.

ஜப்பானில் நடந்த முந்தைய ஒலிம்பிக்கில் இருவர் போட்டியில் இத்தாலி ஜோடிக்கும் கிழக்கு ஜெர்மனி ஜோடிக்கும் நொடியில் நூற்றில் ஒரு பங்குவரை ஒரே நேரம். இரண்டு ஜோடிக்கும் தங்கம் கொடுத்தார்கள். அதற்குப் பிறகு ஆயிரத்தில் ஒரு பங்குவரை அளக்கத் தொடங்கிவிட்டார்கள்.

"நீங்க அதுல ஏறிப் போயிருக்கீங்களா?" என்று கேட்டேன்.

"ஒரே ஒருக்கா போனேனுங்க" என்றார். அதற்கு மேல் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை; எனக்கு மறுநாள் எட்டு மணிக்குள் பத்து நிமிட வர்ணனை எழுத வேண்டியிருந்தது.

ஒன்றும் நடக்காத ஓட்டம்

வியாழக்கிழமை காலை செல்வராஜ் அரை நாள் லீவு போட்டுக்கொண்டு வந்தார். நபீல் படத்தை எடிட்டிங் மேஜையில் ஓட்டிக் காட்டினார். நபீல் லெபனான்காரர், கை வேகம் கண்ணுக்குத் தெரியாது. கடைசிக் காட்சியாக அவர் வைத்திருந்த ஓட்டம் பிரமாதமாக இருந்தது. வண்டி சுவரில் இடிக்கிறது, பனித் துகள் பறக்கிறது, வீரர் ஒரு பக்கம் சாய்ந்து நிமிர்கிறார். ஹார்ட்லி பின்னால் வந்து நின்று, "இவர்தான் ஜெயித்தவர்" என்றார்.

செல்வராஜ் என்னிடம் தமிழில் சொன்னார்: "இல்லீங்க மேடம். இந்த ஆளு தோத்துட்டானுங்க."

"எப்படிச் சொல்றீங்க?"

"மோட்டார் நல்லா ஓடுனா சத்தம் வராதுங்க. இடிச்சா, தூள் பறந்தா, அங்க வேகம் செத்துப்போச்சுன்னு அர்த்தம். ஜெயிச்சவன் போறப்ப ஒண்ணுமே நடக்காதுங்க."

படத்தைப் பின்னால் ஓட்டச் சொன்னேன். நெஞ்சிலிருந்த எண்களை ஜெர்மன் தாளோடு ஒப்பிட்டோம். செல்வராஜ் சொன்னது சரி. ஜெயித்த கிழக்கு ஜெர்மனி வீரரின் ஓட்டத்தை நபீல் நடுவில் எங்கோ வைத்திருந்தார். அதில் உண்மையில் ஒன்றும் நடக்கவில்லை. ஒரு மனிதன் படுத்திருந்தான், பாதை அவனைக் கீழே கொண்டுவந்து சேர்த்தது. கடைசியில் வர வேண்டியது இதுதான் என்று ஹார்ட்லியிடம் சொன்னேன்.

"இதைக் கடைசியில் வைத்தால் தூங்கிவிடுவார்கள்" என்றார் ஹார்ட்லி. "நபீலின் வரிசையே இருக்கட்டும். இடிக்கிறவரே ஜெயிக்கட்டும். துபாயில் யாருக்குத் தெரியப்போகிறது?"

"இந்த அறையிலேயே மூன்று பேருக்குத் தெரியும்" என்றேன்.

நபீல் சிகரெட்டை அணைத்தார். "நான்காவதாக உங்களுக்கும் தெரிந்துவிட்டது, மிஸ்டர் ஹார்ட்லி."

"வசந்தா, இது பொழுதுபோக்கு நிகழ்ச்சி."

"ஏன் ஒன்றும் நடக்கவில்லை என்று நான் சொன்னால் அவர்கள் தூங்கமாட்டார்கள். தோற்றவரை ஜெயித்தவர் என்று என்னால் எழுத முடியாது. உங்களுக்கு வேண்டுமானால் குதிரையைப் போடுங்கள்."

இதை நான் குரல் உயர்த்தாமல்தான் சொன்னேன். ஆனால் நாளைக்கு எனக்கு அந்த வேலை இல்லாமல் போகலாம்.

ஹார்ட்லி திரையைப் பார்த்தார். "என் குரலில் இது வராது" என்றார்.

"என் குரலில் வரட்டும்."

அவர் என்னையும் பார்த்தார், செல்வராஜின் கிரீஸ் விரல்களையும் பார்த்தார். "எட்டு மணி" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். நபீல் கத்திரியை எடுத்தார். "கலாஸ், முடிந்தது, மேடம். யல்லா, சீக்கிரம் எழுதுங்கள்."

சிவப்பு விளக்கு

அவசரமாக வெட்டி மாற்றி ஒட்டிய ஓர் ஒட்டுத்தான் ஒளிபரப்பில் அறுந்தது.

சரி, பாய்மரப் படகு திரையில் நிற்கிறது. சிவப்பு விளக்கு எரிகிறது. நான் பேச வேண்டும்.

"படம் சற்று நேரத்தில் திரும்பும்" என்று ஆங்கிலத்தில் தொடங்கினேன். "அதுவரை ஒரு தபால்காரரைப் பற்றிச் சொல்கிறேன்."

என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. அவசரமில்லாத குரல். தபால்காரரும் மாணவரும் மலை ரோட்டில் ஒரே நேரத்தில் வந்து சேர்ந்ததைச் சொன்னேன். ஜப்பானில் இரண்டு ஜோடிக்குத் தங்கம் கொடுத்ததைச் சொன்னேன். கண்ணாடிக்கு அப்பால் நபீல் பல்லில் ஒட்டு நாடாவைக் கடித்துக்கொண்டு குனிந்திருந்தார். இன்னும் ஒரு நிமிடம் என்று விரல் காட்டினார்.

அப்போதுதான் திட்டமிடாத ஒன்றைச் சொன்னேன். "இந்தப் பந்தயங்கள் இப்போது வெயிலிலும் நடக்கின்றன. காரணம், பாதைக்கு அடியில் ஓடும் குளிர்க் குழாய்கள். அப்படியொரு குழாயைப் பழுது பார்த்துக் காத்த மனிதர் இன்று நம் ஊரில் இருக்கிறார். உங்கள் வீட்டு ஏ.சி.யை அவர் ரிப்பேர் செய்திருக்கக்கூடும்."

படம் திரும்பியது. கவிழ்த்துவைத்த தாளை நிமிர்த்தினேன். கடைசி வீரர் வந்தார். "கவனியுங்கள்" என்றேன். "இவர் எங்கும் இடிக்கமாட்டார். கெண்டைக்காலால் சட்டத்தை லேசாக அழுத்துவார், தோளைக் கொஞ்சம் இறக்குவார், அவ்வளவுதான். உங்கள் கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. அதுதான் வேகம்." பிறகு நான் வாயை மூடிக்கொண்டேன். அவர் கீழே வந்து சேரும்வரை பேசவில்லை. பனியில் இரும்பு உரசும் மெல்லிய சீற்றம் மட்டும் ஊருக்குள் போயிற்று.

வெளியே வந்தபோது ஹார்ட்லி நடைபாதையில் நின்றிருந்தார். பாராட்டும் பழக்கம் அவருக்குக் கிடையாது. "கடைசியில் பேசாமல் இருந்தீர்களே, அதை யார் சொல்லிக்கொடுத்தது?" என்று கேட்டார்.

"யாரும் இல்லை. அங்கே பேச ஒன்றும் இருக்கவில்லை."

சனிக்கிழமை வேலைக்குப் போனபோது என் தட்டச்சு இயந்திரத்துக்குப் பக்கத்தில் அடுத்த வார டப்பா ஒன்று இருந்தது. அதன் மேல் ஹார்ட்லியின் கையெழுத்தில் என் பெயர். அதற்குப் பிறகு மூன்று வருடம் அந்த நிகழ்ச்சியை எழுதியதும் படித்ததும் நான்தான்.

எடிட்டிங் அறையில் ஐந்து பேர்

அந்தச் சனிக்கிழமை மத்தியானமே செல்வராஜ் வந்தார். கூடவே கேம்ப்பிலிருந்து இரண்டு பேர். ஒருவர், புதன்கிழமை வாசலில் நின்று "அண்ணன் ஆரம்பிச்சுட்டாரு" என்று சொன்னவர். புதுக்கோட்டைப் பக்கத்து வெல்டர், பெயர் முத்தையா. தலையைச் சொறிந்துகொண்டு நின்றார்.

"எல்லாரும் டிவியைச் சுத்தி உக்காந்திருந்தோம் மேடம்" என்றார். "நீங்க இங்கிலீசுல சொன்னதைச் சேகர் சார் எங்களுக்குத் தமிழ்ல சொன்னாரு. பொறவு அண்ணனை ஒருத்தனும் கிண்டல் பண்ணல."

"இவங்களுக்குப் படத்தை இன்னொரு தடவை காட்ட முடியுங்களா?" என்று செல்வராஜ் கேட்டார்.

நபீல் சுருளை மாட்டி ஓட்டினார். இடித்துத் தோற்றவரின் ஓட்டம் வந்தபோது செல்வராஜ் நிறுத்தச் சொன்னார். திரையில் அந்த வளைவின் மேல் விரலை வைத்தார்.

"இந்த மாதிரி ஒரு வளைவுதானுங்க."

புதன்கிழமை சொல்லாமல் விட்டதை அவரே சொன்னார். ஒரு ஞாயிற்றுக்கிழமை. பாதையில் ஆள் இல்லாத நேரம். கூட வேலை பார்த்த ஜெர்மன் பையன்கள் வண்டியைக் கொடுத்து, பாதியிலிருந்து தள்ளிவிட்டிருக்கிறார்கள். பயிற்சிக்கு வந்தவர்கள் பாதையில் இறங்கவே கூடாது என்பது விதி. நாலாவது வளைவில் வண்டி அவரை விட்டுப் போய்விட்டது. தோள் எலும்பு இரண்டாக முறிந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து வெளியே வந்தபோது பயிற்சியை ரத்து செய்து, ஊருக்கு டிக்கெட் எடுத்துக் கொடுத்துவிட்டார்கள். இன்னும் ஆறு மாதம் இருந்திருந்தால் சான்றிதழ் கிடைத்திருக்கும்.

"ஊர்ல யாருக்கும் சொல்லலைங்க. ட்ரெயினிங் முடிஞ்சுதுன்னு சொல்லிட்டேன். என்ற சம்சாரத்துக்கே தெரியாது."

சட்டைக் காலரை இழுத்துக் காட்டினார். எலும்பு சேர்ந்த இடத்தில் ஒரு மேடு இருந்தது. முத்தையா அதைப் பார்த்தார்; பிறகு தன் நாற்காலியை நகர்த்திச் செல்வராஜை உட்காரச் சொன்னார்.

"வருத்தமா இருக்கா?" என்று நான்தான் கேட்டேன்.

செல்வராஜ் திரையைப் பார்த்துக்கொண்டே யோசித்தார். நபீல் கையைச் சக்கரத்தில் வைத்தபடி காத்திருந்தார்.

"சான்றிதழ் போனது வருத்தந்தானுங்க மேடம்" என்றார். "ஆனா விழுகற வரைக்கும் நல்லாத்தானுங்க போனேன்."